டேப் அண்ணாச்சி வெட்டிய வெல்வெட் ஜாக்கெட்

ஒருவருடைய கழுத்தளவு டேப் அண்ணாச்சிக்குத் தெரியவில்லை என்றால், அவர் தென்காசிக்காரரே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிடலாம். அண்ணாச்சியின் சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. தையல் கடை போர்டிலும் பெயர் கிடையாது. இஞ்ச் டேப் எந்நேரமும் கழுத்தில் தொங்கும். சீசனுக்கு ஐந்தருவியில் குளிக்கும்போதும் தொங்கும். கழற்றி வைத்துவிட்டுக் குளித்தால் என்ன என்று ஒருமுறை கேட்டேன்.

"கழட்டுனா குளிரும்லா தம்பி" என்றார்.

கோயில் வரிசையில் முன்னால் நிற்பவரின் முதுகைத் தட்டி, "தோள்பட்டை அரை இஞ்ச் கூட இருக்கு, யாரு தச்சது?" என்று விசாரிப்பார். ஒரு துக்க வீட்டில், "போன மாசம் தைக்கையில நாப்பது இருந்தாரே" என்று சொல்லித் தேம்பித் தேம்பி அழுதார். அந்த வீட்டார் அதை ஆறுதலாகவே எடுத்துக்கொண்டார்கள்.

அவர் கடைக்கு மாடியில் நான் மூன்று வருஷம் குடியிருந்தேன். கடைக்குப் பின்னாலேயே அவர் வீடு. இந்த மனிதரின் குடும்பத்தைப் பிரித்த பாவத்துக்கு ஆளாகிவிட்டேனே என்று பதினைந்து நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. இப்போது சிரித்துக்கொண்டே எழுத முடிகிறதென்றால் அதற்குக் கடவுளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

எல்லாம் நான் வாங்கிய ஒரு பழைய கேமராவால் வந்தது. பிலிம் போடுகிற ரேஞ்ச்ஃபைண்டர். அதில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேலே தனியாக ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். அதில் பார்த்தால் நடுவில் ஒரு மஞ்சள் கட்டத்துக்குள் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாக வேண்டும். ஒன்றானால் படம் தெளிவாக விழும். ஆன்லைனில் விற்ற ஆள், 'கண்டிஷன் சூப்பர், வீட்டில் சும்மா கிடந்தது' என்று எழுதியிருந்தார். சும்மா கிடந்தது மட்டும் உண்மை. மற்றபடி அந்த இரண்டு உருவமும் பங்காளிச் சண்டை போட்டவர்கள் போலக் கடைசிவரை சேரவே இல்லை. ஜன்னலில் பார்த்தால் ஐந்தருவி பத்தருவியாகத் தெரிந்தது.

முதல் ரோலைக் கழுவச் சென்னைக்கு அனுப்பினேன். எல்லாப் படமும் கலங்கல். போதாக்குறைக்கு ஒவ்வொன்றிலும் குறுக்கே ஆரஞ்சு நிறத்தில் ஒரு கோடு. அண்ணாச்சி என் போனை வாங்கிப் படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பின்னால் நின்று அவர் மனைவியும் பார்த்தார். எனக்கு அவர் மதினி.

"இது என்ன கோடு?" என்றார் மதினி.

"கேமரா முதுகுல ஒட்டியிருந்த ஸ்பாஞ்சு பொடிஞ்சு போச்சு மதினி. அந்த இடுக்கு வழியா வெளிச்சம் உள்ள போவுது."

அண்ணாச்சிக்கு அன்று பிடித்தது கிறுக்கு. கலங்கலுக்கு அவரே வழி கண்டுபிடித்தார். லென்ஸைச் சுற்றி அடிக்கணக்கு எழுதியிருக்கிறது, டேப்பால் அளந்து அந்த எண்ணில் வைத்தால் தீர்ந்தது, மஞ்சள் கட்டத்தின் தயவு எதற்கு என்றார். ஐந்தடி டேப் போதாது என்று இரண்டு டேப்பைச் சேர்த்துத் தைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் அதைப் பார்த்துவிட ஐந்தருவிக்குப் போனோம். அங்கே சிப்ஸ் தின்றுகொண்டிருந்த ஒரு கேரளத்துக் குடும்பத்திடம் போய், "இத மூக்குல புடிங்க" என்று டேப் முனையைக் கொடுத்தார். பஞ்சாயத்தில் ஏதோ புது ஏற்பாடு, அளந்தால்தான் அருவிக்குள் விடுவார்கள் என்று நினைத்து, அவர்களுக்குப் பின்னால் பதினோரு பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள். அண்ணாச்சி ஒருவரையும் ஏமாற்றவில்லை. பதினோரு பேரையும் அளந்து, இருவருக்குச் சட்டையில் தையல் பிரிக்க வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

அந்த ரோலைக் கழுவி வாங்கியபோது கலங்கல் போயிருந்தது. மிச்சம் இருந்தது ஆரஞ்சுக் கோடு. ஸ்பாஞ்சுக்குப் பதில் கறுப்பு வெல்வெட் ஒட்டலாம் என்று எங்கேயோ படித்ததை நான்தான் வாய் சும்மா இராமல் சொன்னேன். கடையில் வெல்வெட் மருந்துக்கும் இல்லை. ஆனால் மறுநாள் காலை கேமராவைக் கொண்டுவந்து நீட்டினார். முதுகு மூடி ஓரமெல்லாம் நூல் பிடித்தது போல மெல்லிய வெல்வெட் பட்டை. பசை ஒரு பொட்டுக்கூட வெளியே வரவில்லை.

"துணி ஏது அண்ணாச்சி?"

"வீட்ல கெடந்தது."

சாயங்காலம் கீழே ஒரு அலறல். ஓடினேன். மதினி கையில் ஒரு கறுப்பு வெல்வெட் ஜாக்கெட். முதுகில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி இல்லை. அது சாதாரண ஜாக்கெட் இல்லை. பெண் பார்க்கப் போன அன்று, தொடாமல், டேப் எடுக்காமல், காப்பித் தட்டோடு வந்தவரைக் கண்ணாலேயே அளந்து அண்ணாச்சி தைத்து அனுப்பியது. ஒரு தையல் பிரிக்காமல் பொருந்தியதாம். அதைப் பார்த்துத்தான் மதினி கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னாராம். இருபத்தாறு வருஷமாகப் பீரோவில் அந்துருண்டை போட்டு வைத்திருந்தார்.

மன்னிப்புக் கேட்டிருந்தால் அன்றோடு போயிருக்கும். கடையில் துணி கொடுக்க வந்த இரண்டு பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணாச்சி ஒரு தையல்காரராக மட்டுமே பதில் சொன்னார்.

"அது முப்பத்திரெண்டு சைஸ். நீ இப்ப நாப்பத்திரெண்டு. இனி எங்க அதுக்குள்ள நுழையப் போற?"

வந்த பெண்கள் துணிப்பையைக்கூட எடுக்காமல் படி இறங்கிவிட்டார்கள். அரை மணி நேரத்தில் மதினி சுரண்டைக்குத் தம்பி வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டார்.

அண்ணாச்சி அசரவில்லை. "ரெண்டு நாள்ல வந்துருவா" என்றார். மூன்றாம் நாள் ஒரு சட்டைக்கு வலது பக்கம் பை வைத்தார். ஐந்தாம் நாள் பள்ளிக்கூடப் பையன் டவுசருக்கு ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. மூன்று வேளையும் புரோட்டா. எட்டாம் நாள் மாடி ஏறி வந்து என் கட்டிலில் உட்கார்ந்தார்.

"வாங்க தம்பி, சுரண்டைக்குப் போவோம். கேமராவையும் எடுத்துக்கிடுங்க. எதுக்கு வெட்டுனேன்னு அவளுக்குக் காட்டணும்லா."

போனோம். மதினியின் தம்பி, "வாங்க அத்தான்" என்று ஒரே வார்த்தையில் வரவேற்று, காப்பி போடுகிற சாக்கில் உள்ளே போனவர் திரும்பி வரவே இல்லை. விவரமான ஆள். மதினி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏட்டி, எவ்வளவு நேக்கா ஒட்டியிருக்கேன்னு பாரு" என்று அண்ணாச்சி கேமரா முதுகைத் திறக்கப் போனார். நான் பாய்ந்து கையைப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, உள்ள பிலிம் கெடக்கு! தொறந்தா எல்லாம் போயிரும்."

மதினி எங்கள் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"தொறந்து காட்ட முடியாத எடத்துலயா கொண்டு ஒட்டுனீக? சரி. அதுல என்னைய ஒரு போட்டோ எடுங்க. கலங்காம, அந்தக் கோடு இல்லாம விழட்டும். எஞ் ஜாக்கெட்டு வீணாப் போகலன்னு நெனச்சு வாரேன். விழலேன்னா இங்கனயே இருந்துக்கிடுதேன். என்னைய யாரும் கூப்பிட வரண்டாம்."

அண்ணாச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் என் பக்கத்தில் நின்று டேப்பை நீட்ட, மதினி முறைத்துக்கொண்டே முனையை வாங்கி மூக்கில் வைத்துக்கொண்டார். சரியாக ஆறடி. ஐந்து படம் எடுத்தேன். நடுவில் லேசாகத் தூற, அண்ணாச்சி தன் துண்டால் லென்ஸைத் துடைத்துவிட்டார். ஐந்தாவது முடிந்ததும் மதினி, காப்பி ஆறுகிறது, குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில், மடியில் இருந்த கேமராவைத் தற்செயலாகப் பார்த்தேன். லென்ஸில் மூடி இருந்தது.

ஜன்னல் தனி, லென்ஸ் தனி. மூடியைக் கழற்றாமலே நாள் முழுக்கப் படம் எடுக்கலாம், ஒன்றும் தெரியாது. ரோல் முழுக்கக் கறுப்பாக வரும்.

"அண்ணாச்சி, எடுக்கும்போது மூடிய நீங்க கழட்டுனீகளா?"

"நான் எங்க கழட்டுனேன், டேப்பலா புடிச்சிருந்தேன். நீங்க கழட்டலையா?"

"ஞாபகம் இல்லையே!"

"அவகிட்ட போன் போட்டுக் கேப்பமா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "வேண்டாம்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

ரோலைக் கூரியரில் அனுப்பிவிட்டு ஆறு நாள் காத்திருந்தோம். என் வாழ்க்கையில் பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட அப்படிக் காத்திருந்ததில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை மாடிப்படியில் அண்ணாச்சியின் தலை தெரியும். "வந்துச்சா?" தலை மறையும். ஏழாம் நாள் மத்தியானம் சென்னையிலிருந்து படங்கள் போனுக்கு வந்தன. சுரண்டைப் படம் முதலாவது கறுப்பு. இரண்டாவது கறுப்பு. மூன்றாவதும் நான்காவதும் அப்படியே. அண்ணாச்சி என் தோளைப் பிடித்திருந்த பிடியில் எனக்கு எலும்பு வலித்தது.

ஐந்தாவதில் மதினி இருந்தார். அத்தனை தெளிவு. மூக்குத்தியில் தூறல் பட்ட ஒரு துளிகூடத் தெரிந்தது. கோடு இல்லை, கலங்கல் இல்லை. படத்தின் கீழ் மூலையிலிருந்து டேப் ஒன்று நேராக அவர் கைக்குப் போயிருந்தது. அண்ணாச்சி விட மறந்திருக்கிறார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. தூறலில் லென்ஸைத் துடைக்கிறேன் என்று அவர் துண்டால் ஒரு இழுப்பு இழுத்தாரே, அதில் மூடி கழன்றிருக்கிறது! கிளம்பும்போது கைப் பழக்கத்தில் நான் மறுபடியும் மாட்டியிருக்கிறேன்.

படத்தைச் சுரண்டைக்கு அனுப்பினோம். நீல டிக் விழுந்தது. அரை மணி கழித்து அண்ணாச்சிக்கு போன் வந்தது. ஸ்பீக்கரைப் போட்டார்.

"வாயத் தொறந்து ஏசிக்கிட்டு இருக்கையிலதான் எடுக்கணுமா?"

"கோடு விழலட்டி."

"பாத்தேன், பாத்தேன். ஜாக்கெட்டு மிச்சத்த என்ன செஞ்சீக?"

"உள்ள வச்சிருக்கேன். அந்துருண்ட போட்டு. நாஞ் சொன்னது தப்புட்டி."

"சரி சரி, கடையில ஆள் இருக்கும். நாளைக்குக் காலைல வாரேன். வீட்ல அரிசி கெடக்கா, அதையும் வெட்டி எங்கயும் ஒட்டியாச்சா?"

போனை வைத்ததும் அண்ணாச்சி மெஷின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டார். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த அம்மிக்கல்லை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது.

மதினி வந்த மறுநாள் காலை ஆறு மணிக்குக் கீழே ஒரே சத்தம். கேஸ் தீர்ந்தது யாரால், சட்டைப் பை வலது பக்கம் போனது யாரால் என்று மதினி ஒவ்வொன்றாகக் கேட்க, அண்ணாச்சி ஒவ்வொன்றுக்கும் தவறான பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கட்டிலை விட்டு எழுந்திருக்காமல் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். அந்த மனிதர் நல்லபடியாக இருந்து, இன்னும் ஐம்பது வருஷம் இப்படியே ஏச்சு வாங்க வேண்டும்.