ஆதிமூலத்தார் மீசை இழந்த படலம்

அன்று காலை அந்த நிகழ்ச்சியில் யார் யாருக்குப் பங்கு என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பின்னாளில் ஒருவரும் "நான் அங்கே இல்லை" என்று நழுவக் கூடாது. பே கோபுரத் தெரு வீட்டின் தலைவர் ஆதிமூலம், கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி கஸ்தூரி. அன்று தட்டு மாற்றி நிச்சயம் செய்யப்படவிருந்த மகள் கவியா. கஸ்தூரியின் தம்பி திருமலை. நிச்சயப் பத்திரிகை வாசிக்க வர வேண்டிய அம்பலவாணக் குருக்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து உறவினர்களோடு வேனில் வந்துகொண்டிருந்த மாப்பிள்ளையின் தகப்பனார் கலையரசன். அடி அண்ணாமலையில் தன் நிலத்தை விட்டு நகர மாட்டேன் என்று தனியே வாழும், ஆதிமூலத்தின் தந்தை அர்ஜுனன். இத்தனை பேரில் ஆயுதம் ஏந்தியவர் ஒருவர்தான்.

வாழ்க அவர்! சங்கத்து நாற்காலியில் பணிக்காலம் முழுவதும் முதுகு சாயாமல் உட்கார்ந்தவர், மேலதிகாரி வந்த நாளிலும் முதுகெலும்பை அரை அங்குலம் வளைக்காதவர், கல்யாண வீட்டுப் பந்தியில் இரண்டாம் முறை கூப்பிட்டால் மட்டுமே எழுந்து போகிறவர், வாழ்க! மலை போல் அசையாதவர் என்று சொல்ல ஆசைதான். ஆனால் தெருக்கோடியில் உண்மையான மலையே நின்றுகொண்டிருக்கும் ஊரில் அந்த உவமையை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அவர் மேலுதட்டின் மீது, எதிரெதிரே துதிக்கை தூக்கி நிற்கும் இரண்டு யானைகளைப் போல் வீற்றிருந்தது ஒரு மீசை. அப்படியொன்று அவர் தந்தைக்கும் உண்டு. தந்தையின் தந்தைக்கும் இருந்தது. பெற்ற தகப்பன் கண்மூடும் நாளில், கொள்ளி வைப்பதற்கு முன், மகன் அதை மழித்துக்கொள்வான். மற்ற எந்த நாளிலும் கத்தி அந்தப் பக்கம் போவதில்லை. அந்தக் குடும்பத்தில் மீசையில்லாத ஆண்முகத்துக்கு ஊரார் அறிந்த பொருள் ஒன்றே ஒன்றுதான்.

அத்தகைய மீசைக்கு அவமானம் நேர்ந்தது ஒரு சலூனில். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவன், "சார், மீசைக்கு டை அடிச்சுடட்டா?" என்று கேட்டுவிட்டான். ஒரு கன்னம் மழிக்கப்பட்டும் மறுகன்னம் நுரை பூத்தும் இருந்த நிலையிலேயே ஆதிமூலம் எழுந்து, அந்த நுரையை வெற்றிக்கொடி போல் தாங்கித் தெரு வழியே நடந்து, வீட்டு நடுக்கூடத்தில் நின்று முழங்கினார்: "இன்று முதல் என் முகத்தை நானே ஆள்வேன்!"

"மொதல்ல மூஞ்சியக் கழுவுங்க, காஞ்சு போயிருக்குது" என்றார் கஸ்தூரி.

அன்று தொடங்கியது அந்தப் பெருந்தேடல். சவரம் வழவழவென்று இருக்க வேண்டும். செலவு கம்மியாகவும் இருக்க வேண்டும். இவ்விரண்டையும் ஒருசேர அருளும் ரேசர் எது? அரசர்கள் நாடு பிடிக்கப் புறப்பட்டதுபோல் அவர் கடை கடையாகப் புறப்பட்டார்.

முதலில் வந்தது பிளாஸ்டிக் கூலிப்படை. ஒருமுறை உபயோகித்துத் தூக்கிப் போடுவதற்கென்றே பிறந்த அந்த ஏழை வீரர்களை, தூக்கிப் போடும் வழக்கம் தம் குடும்பத்தில் இல்லை என்ற ஒரே காரணத்தால், துருப்பிடித்துத் தள்ளாடும்வரை போரிட வைத்தார். அவை மழித்ததைவிடச் சுரண்டியதே ஜாஸ்தி. அடுத்து வந்தது கவியா தன் முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த ஐந்து பிளேடு ரேசர், ஐந்து குதிரை பூட்டிய பொற்றேர். முதல் வாரம் அது கன்னத்தில் வெண்ணெயில் ஓடுவதுபோல் ஓடியது. ஆனால் தேய்ந்த தலைக்கு மாற்றுத்தலை வாங்கக் கடைக்குப் போனவர், விலையைக் கேட்டதும் அதைப் பாம்பைக் கீழே விடுவதுபோல் மெல்ல மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பினார். அதன்பின் அந்த ஒரே தலை பொங்கலிலிருந்து வைகாசிவரை உழைத்தது. கடைசியில் குதிரைகள் ஐந்தும் முடியை வெட்டாமல் வேரோடு பிடித்து இழுக்கத் தொடங்கின. சவர வேளையில் வீட்டுத்தலைவரின் கண்ணில் நீர் வழிந்தது. அது பக்தியால் என்று வீட்டார் எடுத்துக்கொண்டார்கள்.

மூன்றாவதாகத் தபாலில் வந்தது இரும்பு ரேசர். ஆஹா, அதன் எடை! அதன் கைப்பிடியில் பொறித்த வரிகள்! மூடியைத் திருகினால் உள்ளே இருபுறமும் கூரான, இலை போன்ற ஒரே பிளேடு. ஒரு டீக்குக் கொடுக்கிற காசில் மாதத்தைத் தாண்டிவிடலாம். தேடல் முடிந்தது என்று அவர் உள்ளம் முரசறைந்தது. அதைப் பிடிக்கும் முறையை இன்னும் தாடி முளைக்காத ஒரு பையன் கைபேசிக் காணொளியில் கற்பித்தான்: "அழுத்தவே கூடாதுங்க. ரேசரோட வெயிட்டே போதும்." ஆதிமூலம் இரண்டுமுறை பார்த்து ஆராய்ந்து, அழுத்தாமல் இருப்பது முதுகெலும்பு இல்லாதவர்களுக்குச் சொன்ன விதி என்று முடிவுக்கு வந்தார்.

அந்த ரேசரின் முதல் போர்க்களமாக நிச்சயதார்த்தக் காலை அமைந்தது விதி என்பதா, கஸ்தூரி சொன்னதுபோல் பிடிவாதம் என்பதா? "இன்னிக்கு ஒரு நாளாவது சலூனுக்குப் போய்ட்டு வாங்க. பெரிய மனுஷங்க வர்றாங்க" என்றார் அவர். கிண்ணத்தில் நுரை கடலெனப் பொங்கிக்கொண்டிருக்கும் வேளையில் படைத்தலைவர்கள் பேச்சுவார்த்தை நடத்துவதில்லை.

வலக்கன்னம் ஒரே வீச்சில் வீழ்ந்தது. இடக்கன்னம் இரண்டு சொட்டுக் குருதி சிந்திச் சரணடைந்தது. தாடை, தொண்டை, காதடி என்று கோட்டை கோட்டையாகக் கைப்பற்றி முன்னேறிய அந்த இரும்பு, இறுதியில் மீசையின் எல்லையோரம் ஒதுங்கியிருந்த நாலைந்து முடிகளை அடக்க நெருங்கியது. அப்போது கூடத்திலிருந்து திருமலையின் குரல் இடிபோல் விழுந்தது: "மாமா! வேன் கெளம்பிடுச்சாம்!"

ஆதிமூலத்தின் தலை, தனக்குரிய கம்பீரத்தோடு குரல் வந்த திசை நோக்கித் திரும்பியது. கை திரும்பவில்லை. அழுத்தமும் குறையவில்லை.

மீண்டும் கண்ணாடியைப் பார்த்தபோது இடப்பக்கத்து யானைக்குத் துதிக்கை இல்லை.

பதறுவது அவர் குலத்து வழக்கமல்ல. இரு பக்கத்தையும் சமம் செய்துவிட்டால் நீதி நிலைத்துவிடும் என்று வலப்பக்கத்தைக் குறைத்தார். இப்போது வலம் கூடுதலாகக் குறைந்தது. இடத்தைக் குறைத்தார். அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் வரப்பு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் இருவருக்குமே நிலம் இல்லாமல் போவதுபோல் மீசை நாலாபுறமிருந்தும் சுருங்கிக்கொண்டே வந்தது. தண்ணீர் எடுக்க வந்த கவியா கண்ணாடியில் அப்பாவைப் பார்த்துத் திகைத்து நின்றாள்.

"அப்பா... இது மீசையா, மூணாவது புருவமா?"

அந்தக் கேள்விக்குத் தன்மானமுள்ள மனிதன் தரக்கூடிய பதில் ஒன்றுதான். ஒரே இழுப்பில் அதையும் தந்தார்.

பிறகு தலையோடு தண்ணீர் ஊற்றிக் குளித்து, வெட்டுக்காயங்களில் படிகாரம் தேய்த்து, வெற்று மார்போடு ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, சற்றுக் காற்று வாங்க வாசலில் வந்து நின்றார். அந்தக் கோலத்தில்தான் அம்பலவாணக் குருக்கள் அவரைக் கண்டார். ஈரத்தலை. வெறும் மேல். மீசை இல்லை. வாசற்படிக்கு இரண்டடி முன்னாலேயே குருக்களின் கால்கள் நின்றுவிட்டன.

"சிவ சிவா! எப்போ?" என்றார் தாழ்ந்த குரலில்.

இழப்பின் அளவை உணர்ந்து ஒருவர் கேட்டாரே என்று ஆதிமூலத்தின் நெஞ்சு நெகிழ்ந்தது. "இப்பதாங்க சாமி. அரை மணி நேரம் ஆவும்."

"திடீர்னா?"

"ஒரு பக்கம் மொதல்ல போச்சுங்க. எவ்வளவோ சமாளிச்சுப் பாத்தேன். அப்புறம் இன்னொரு பக்கமும் போயிடுச்சு."

பக்கவாதம் என்று குருக்கள் மனத்துக்குள் முடிவுகட்டினார். அடி அண்ணாமலைப் பெரியவருக்கு வயதும் ஆகிவிட்டதே. "மனசைத் தேத்திக்கோங்கோ" என்றார்.

"வருத்தப்பட்டு இனி என்னங்க ஆவப்போவுது?" என்று ஆதிமூலம் வானத்தைப் பார்த்தார்.

தீட்டு வீட்டில் நிற்காமல் திரும்பிய குருக்கள், தெருமுனையை அடைவதற்குள் கலையரசனைக் கைபேசியில் அழைத்துவிட்டார். திண்டிவனம் சாலையில் வந்துகொண்டிருந்த வேன் ஓரங்கட்டியது. பழத்தட்டும் பூத்தட்டும் புடவைத்தட்டும் இருக்கைக்கு அடியில் போயின. இனிப்புப் பெட்டியின் மேல் துண்டு விழுந்தது. சம்பந்தியாகப் போகிற வீடாயிற்றே, வெறுங்கையோடு போகக்கூடாதென்று கலையரசன் பூக்கடையில் ஒரு பெரிய ரோஜா மாலை வாங்கினார்.

ஆகவே பே கோபுரத் தெருவில் அன்று இரண்டு சேனைகள் மோதிக்கொண்டன. ஒருபுறம் பட்டுப்புடவையில் ஆரத்தித் தட்டோடும் சிரித்த முகத்தோடும் கஸ்தூரி. எதிர்ப்புறம் வேனிலிருந்து இறங்கும்போதே, "ஐயோ, என்னப் பெத்த ராசா!" என்று மார்பில் அடித்துக்கொண்டு வந்த கீழ்பென்னாத்தூர்ப் பெண்கள். ஒப்பாரியும் ஆரத்தியும் வாசலில் நேருக்கு நேர் சந்தித்து இரண்டும் ஒரே கணத்தில் நின்றன.

அந்த நிசப்தத்தின் நடுவே ஒரு ஆட்டோ வந்தது. அதிலிருந்து வெள்ளை வேட்டியும் வெள்ளை மீசையுமாய்த் தடியை ஊன்றி இறங்கினார் அர்ஜுனன்.

"யாருக்குய்யா மாலை?"

கலையரசன் கையிலிருந்த மாலையைப் பார்த்தார். "உங்... உங்களுக்குத்தாங்க" என்றார் பொய் சொல்லத் தெரியாத அந்த மனிதர்.

முறை தெரிந்த சம்பந்தி என்று மகிழ்ந்த பெரியவர் குனிந்து மாலையைக் கழுத்தில் வாங்கிக்கொண்டார். நிமிர்ந்தபோதுதான் மகனின் முகம் அவர் கண்ணில் பட்டது.

"டேய்!" தெருவே நடுங்கியது. "நான் உசுரோட இருக்கறப்பவே எடுத்துட்டியாடா? நாளைக்கு நான் போனா எதடா எடுப்ப?"

கலையரசனின் பின்னால், "சகுனம் சரியில்ல, இன்னொரு நாள் பாத்துக்கலாம்" என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். யாரோ ஒருத்தி வேன் கதவைத் திறந்தாள். கவியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள். பேசாமல் இருந்தால் மகளின் நிச்சயம் போகும். பேசினால் குடும்பத்தின் மானம் போகும். வேண்டுதலுக்காக எடுத்தேன் என்று சொல்லிவிடலாமா என்று ஆதிமூலம் ஒரு கணம் நினைத்தார். ஆனால் மொட்டை அடிக்காமல் மீசையை மட்டும் காணிக்கை தந்த பக்தன் இந்த ஊரில் இதுவரை இல்லை. பொய் சொல்வதற்கு மலை வேறு தடையாக எதிரே நின்றது. அவையோரே கேளுங்கள் என்று தொடங்கும் நீண்ட உரையொன்று அவர் நெஞ்சில் உருவாகி, தொண்டைவரை ஏறி வந்து, வாயில் இப்படி விழுந்தது:

"ஷேவ் பண்றப்ப கை தவறிடுச்சுங்க."

கலையரசன் மெல்ல நெருங்கிவந்து, படிகாரம் பூசிய காயங்களை உற்றுப் பார்த்தார்.

"இரும்பு ரேசரா?"

"ஆமாங்க."

"அழுத்துனீங்களா?"

ஆதிமூலம் தலைகுனிந்தார். சங்கத்திலும் சபையிலும் அவர் தலை குனிந்தது அதுவே முதல்முறை. "அழுத்துனேன்."

கலையரசன் தன் சட்டைக் காலரை விலக்கிக் காட்டினார். தாடைக்குக் கீழே ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஓரத்தில் இரத்தம் இன்னும் காய்ந்திருக்கவில்லை. "சலூன்ல ஜாஸ்தி கேக்கறான்னு நானுந்தாங்க வாங்குனேன். வூட்ல சிரிக்கறாங்க."

ஒரே வாளால் காயம்பட்ட இரு மன்னர்கள் கைகோத்துக்கொண்டு உள்ளே போனார்கள். தட்டுகள் வேனிலிருந்து இறங்கின. குருக்களைத் திருமலை ஸ்கூட்டரில் போய் அழைத்து வந்தான். அதற்குள் அவர் இரண்டாம் முறை குளித்துவிட்டிருந்தார். கல்யாணத்துக்கு ஆவணியில் நாள் குறிப்பதாக இருந்தது. மாலையைக் கழற்றாமல் நடுநாயகமாக அமர்ந்திருந்த அர்ஜுனன் தடியால் தரையைத் தட்டி, "அதுக்குள்ள இவனுக்கு மீசை வளராது. கார்த்திகையில தீபக் கூட்டம், மண்டபம் கெடைக்காது. ஐப்பசியில வைங்க" என்று தீர்ப்பளித்தார். ஒரு பெண்ணின் முகூர்த்தம் தகப்பனின் மேலுதட்டைக் கணக்கிட்டுக் குறிக்கப்பட்டது.

பெரியவர் அன்று விடியற்காலையே காலமாகிவிட்டதாகவும், சம்பந்தம் முறியக் கூடாதென்று விஷயத்தை மறைத்து, மாலை போட்டு நாற்காலியில் உட்காரவைத்தே தட்டு மாற்றிக்கொண்டதாகவும் தேரடிப் பக்கம் இன்றும் சிலர் பேசிக்கொள்கிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை; பிளேடு வழுக்கிவிட்டது, அவ்வளவுதான்.