மேல்மாடியில் ஒரு வினைச்சொல்

"'ட்ரட்ஜ்'னா சும்மா நடக்கிறதில்ல. களைச்சுப்போய், கால இழுத்து இழுத்து, பாரமா நடக்கிறது. விளங்குதா?"

ரபாயேல் சேர் கேட்டு முடிப்பதற்குள் தலைக்கு மேலே 'டொக்... டொக்...' என்று பலகைத் தளம் அதிர்ந்தது. மேசையில் தூசி கொட்டியது.

"மேல நடக்கிறாரே, அப்பிடியா சேர்?" என்றான் நிதுஷன்.

"அது ட்ரட்ஜ் இல்ல. அது கொழுப்பு!"

வகுப்பே சிரித்தது. சேருக்குத்தான் சிரிப்பு வரவில்லை. தோட்டப் பாடசாலையில் பார்த்த தற்காலிக வேலை போனபிறகு, உக்குவளையில் இந்தக் கீழ்வீட்டை வாடகைக்கு எடுத்து ஆங்கில வகுப்பு தொடங்கியிருந்தார். சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை என்று அதற்குள் பாதிப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். இதுவும் போனால் மனைவி கெத்தரின் முகத்தில் எப்படி விழிப்பது?

மேல்மாடியில் மக்கீன் ஹாஜியாரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அந்த அம்மா வெளியே வருவதே இல்லை. ஹாஜியார் விடிந்தது முதல் மரமிதியடியோடு வீட்டுக்குள் நடப்பார். படியில் கண்டு பேச்சுக் கொடுத்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார். ஒரு வார்த்தை பேசமாட்டார். பெரிய மனுசத் திமிர் என்று சேர் முடிவு கட்டிவிட்டார்.

இருந்தாலும் மாத்தளைக்குப் போய் மெத்தென்ற றப்பர் செருப்பு ஒரு சோடி வாங்கி வந்தார்.

"ஹாஜியார், போட்டுப் பாருங்க. காலுக்கு எதமா இருக்கும்."

ஹாஜியார் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். மறுநாள் 'டொக்' போய் 'தொம்' வந்தது. றப்பர் செருப்போடு மனிதர் முழங்காலைத் தூக்கித் தூக்கி மிதித்தார்.

விடுவாரா சேர்? தடித்த தும்புக் கம்பளம் ஒன்றைக் கொண்டுபோய்த் தன் கையாலேயே விரித்துவிட்டு வந்தார். அன்று பின்னேரம் ஹாஜியார் குதிக்கவே தொடங்கிவிட்டார். கீழே மின்குமிழ் ஊஞ்சல் ஆடியது. இரண்டு பிள்ளைகள் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு எழுந்து போனார்கள்.

சேர் பாய்ந்து படியேறினார்.

"வயசுக்கு மரியாத குடுத்தேன் ஹாஜியார்! வேணும்னே செய்றீங்க! எங்க வீட்லயும் அடுப்பு எரியணுமில்லையா? இனி ஒரு சத்தம் கேட்டா பொலிசுக்குப் போவேன்!"

ஹாஜியாரின் கண் கலங்கியது. உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

அதன்பின் மேலே ஒரு சத்தம் இல்லை. வகுப்பு ஒழுங்காக நடந்தது. நின்ற பிள்ளைகளில் சிலர் திரும்பியும் வந்தார்கள். ஆனால் சேருக்கு அந்தக் கலங்கிய கண்ணை மறக்க முடியவில்லை. ஒரு கிழவரை அழவைத்துவிட்டோமே என்று மனம் குத்தியது.

அந்த வார இறுதியில் ஓர் இளம்பெண் கதவைத் தட்டினாள்.

"நான் நிப்லா, மேல்வீட்டு ஹாஜியாரோட மக. நாவுலயில இருந்து வந்திருக்கேன்."

"வாங்க, வாங்க. வாப்பாக்கு நான் நன்றி சொன்னேன்னு சொல்லுங்க. இப்ப சத்தமே இல்ல."

நிப்லா உட்காரவில்லை.

"சேர், தொண்ட ஒபரேசனுக்குப் பொறகு வாப்பாக்குப் பேச்சில்ல, உம்மாக்கு ரெண்டு கண்ணும் தெரியாது. காலடிச் சத்தமும் நின்ன பொறகு, வாப்பா அவங்க கைய விட்டு எழும்பினாலே போதும், 'அவர் மௌத்தாகிட்டாரா, உசிரோட இல்லையா'ன்னு உம்மா அழுறாங்க."