கூஜா கரைந்த டிரம்

என் பச்சைநகத்துக்கு,

உங்கள் வீட்டுக்காரி எழுதுவது. இங்கே முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். பதிலுக்கு உங்கள் சுகத்தைக் கேட்பதுதான் முறை. போய்ப் பதினோரு மாசம் ஆனவரிடம் அதை எப்படிக் கேட்பது என்று வாத்தியார் சொல்லித் தருவதற்குள் நான் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டேன். அதனால் சுகம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதல் சேதி, டிரம் காலி. பதறாதீர்கள், கொட்டவில்லை. முலாம் பட்டறையில் அடியில் தங்குகிற பச்சைச் சேற்றைக் கால்வாயில் ஊற்று என்று முதலாளி சொன்னதற்கு, "அந்தத் தண்ணியில பிள்ளைங்க விளையாடுது, என்னால ஆகாது"ன்னு வாளி வாளியாய் வீட்டுக்குக் கொண்டுவந்து, குளியலறைக்குப் பின்னால் ஒன்பது வருஷம் சேர்த்தீர்களே, அந்த டிரம்தான். சாயங்காலம் வந்ததும் என் முகத்துக்கு முன்னால் அதன் முகத்தைத்தான் பார்ப்பீர்கள். ஒரு குச்சியை விட்டுக் கலக்குவீர்கள். "என்ன பண்றீங்க அங்கே?" என்றால், "சும்மா" என்பீர்கள். அந்தச் சேறு நகக்கண்ணில் ஏறித்தான் உங்களுக்கு இந்தப் பெயரே வந்தது. குளிப்பாட்டிப் படுக்கவைத்த அன்றுகூடப் போகவில்லை. நான்தான் தேய்க்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் இப்போது ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவுகிறேன். அங்கே ஓர் அம்மா, கதவில் டாக்டர் என்று பலகை. முதல் நாளே முழங்காலைக் காட்டிக்கொண்டு போய் நின்றேன். அவர் என் முழங்காலைப் பார்த்துவிட்டு, சோளக்கதிர்ச் சக்கையைக் காட்டினார். அதுதான் அவர் நோயாளியாம். சக்கையைக் காய்ச்சினால் ஒரு திரவம் வருகிறது, வறுத்த பாதாம் வாசனை, சாப்பிட்டால் ஆளைக் காலி பண்ணிவிடும். அதை இன்னொரு திரவமாக மாற்றிவிட்டால் பூமியைத் தோண்டி எண்ணெய் எடுக்காமலே பிசினும் பெயின்ட்டும் செய்யலாமாம். ஆனால் அது தானாக மாறாது, பக்கத்தில் ஓர் உலோகப் பொடி நிற்கணும். "நிக்கிற பொடி என்ன வேலைம்மா செய்யும்?" என்று கேட்டேன். "ஒரு வேலையும் செய்யாத மாதிரி இருக்கும். ஆனா அது வந்தா எல்லாம் மாறிடும். கடைசியில அது மட்டும் வந்தபடியே திரும்பிப் போயிடும்" என்றார். எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. உங்கள் அக்காதான். ஒரு நிமிஷம் வந்து உட்காருவார், ஒரே ஒரு வார்த்தை சொல்லுவார், வீடு கொதிக்கும், நீங்கள் ஒரு திசை நான் ஒரு திசை, அவர் மட்டும் புடவை மடிப்புக் கலையாமல் எழுந்து போவார்.

அந்தப் பொடியை விலைக்கு வாங்காமல் பட்டறைக் கழிவிலிருந்தே செய்யணும் என்பது டாக்டரம்மாவின் பிடிவாதம். ஊரிலுள்ள பட்டறைக்கெல்லாம் கேட்டு எழுதினார். கழிவா, எங்களிடமா, சேச்சே, நாங்கள் பன்னீர் தெளித்தல்லவா முலாம் போடுகிறோம் என்கிற மாதிரி பதில் வந்தது. அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது நான் தரையைத் துடைத்துக்கொண்டே, "எங்க வீட்டுல ஒரு டிரம் இருக்குங்க" என்றேன். துடைப்பத்தோடு சேர்த்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வீட்டுச் சொந்தக்காரர் எடு எடு என்று உயிரை வாங்கிய டிரம்மை நாலு பேர் கையுறை மாட்டிக்கொண்டு, பிள்ளைத்தாய்ச்சியை இறக்குகிற மாதிரி இறக்கிப் போனார்கள். நான் கூடவே நடந்து போனேன். ஏன் அழுதேன் என்று கேட்காதீர்கள், வெயில்.

அங்கே உங்கள் சேற்றைக் காய வைத்தார்கள், உலையில் வறுத்தார்கள், ஏதோ வாயுவை உள்ளே விட்டார்கள். பச்சை கறுப்பாகிவிட்டது. அதை ஒரு சிட்டிகை பாதாம் திரவத்தில் போட்டு, விசில் இல்லாத குக்கர் ஒன்றில் அடைத்துச் சூடாக்கினார்கள். கடையில் வாங்கிய பொடி நூற்றுக்கு எண்பது மாற்றும். உங்களுடையது தொண்ணூற்றாறு! மிஷின் தப்பு என்று மறுபடி செய்தார்கள், தொண்ணூற்றாறு. டாக்டரம்மா மேசையைத் தட்டித் தாளம் போட்டார், நான் கையிலிருந்த குடுவையை உடைத்தேன், ஒருத்தரும் திட்டவில்லை. இந்தப் பொடிக்கு ஒரு பேர் வையுங்கள் என்றார் என்னிடம். வெட்கத்தை விட்டு உங்கள் பெயரைச் சொன்னேன். இப்போது ஒரு சீசாவில் பச்சைநகம் என்று சீட்டு ஒட்டியிருக்கிறது. படிப்பில் என்னைவிட ஒரு வகுப்புக் கம்மி நீங்கள், இன்றைக்கு ஆராய்ச்சிக்கூடத்து அலமாரியில்!

சந்தோஷம் ஒரு மாசம்தான். டிரம் தீர்ந்துகொண்டே வந்தது. உங்கள் முதலாளியையே கெஞ்சி, அவர் பட்டறைச் சேறு இரண்டு டிரம் வாங்கிவந்து அதே மாதிரி வறுத்தால், அறுபது. முக்கினாலும் அறுபதுதான். சோதித்துப் பார்த்ததில், நிக்கல் இரண்டிலும் உண்டு, உங்களுடையதில் மட்டும் செம்பும் இன்னும் என்னவோ கொஞ்சமும் கலந்திருக்கிறதாம். கடையில் செம்பு உப்பு வாங்கிச் சேர்த்தார்கள். எண்பதைத் தாண்டவில்லை. வருகிற மாசம் பெரிய ஆட்கள் பார்க்க வருகிறார்கள். அவர்கள் முன்னால் புதிதாய்ச் செய்து காட்டணும். முடியாவிட்டால் சீசாவில் கிடக்கும் அரைக் கைப்பிடிப் பொடியோடு உங்கள் பெயரும் முடிந்தது. "உங்க வீட்டுக்காரர் உள்ளே என்ன போட்டார், யோசிங்கம்மா" என்று அம்மா என்னைக் குடைய, நான் மூன்று நாள் சோறு இறங்காமல் யோசிக்க, நேற்று டிரம்மின் அடியைச் சுரண்டினால், வந்து விழுந்தது ஒரு எவர்சில்வர் போல்ட்டு.

எனக்குத் தெரியாதா அந்தப் போல்ட்டு! என் செம்புக் கூஜாவின் மூடிக்குப் பிடி போனபோது அதற்குப் பதிலாக நீங்களே முடுக்கியது. ஆறு வருஷத்துக்கு முன்னால், உங்கள் அக்கா வந்துபோன அன்று காணாமல் போன கூஜா. "உங்க அக்காதான் தூக்கிட்டா"ன்னு தெருவே கேட்க நான் கத்திய கூஜா. அதற்கப்புறம் நானும் அவரும் பேச்சுவார்த்தை கிடையாது. உங்கள் சாவன்றுகூட அவர் தலைமாட்டில், நான் கால்மாட்டில், ஒருத்தி நிறுத்தியபிறகுதான் மற்றவள் அழுதாள். கடைசியில் கூஜா இருந்தது டிரம்முக்குள்! வெள்ளி மாதிரி முலாம் போட்டு எனக்குக் காட்டணும் என்று நீங்கள் இறக்கியிருப்பீர்கள், ஆசிட் மொத்தத்தையும் தின்றுவிட்டது, என் வாய்க்குப் பயந்து மூடிவிட்டீர்கள். எனக்கு வந்த சிரிப்பில் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். "உள்ளே ஈயம் பூசியிருந்துச்சா?" என்று அம்மா கேட்டார். "பூசியிருந்துச்சு" என்றேன். "அதாம்மா! அந்த ஈயம்தான்!" என்று அவரும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். நோட்டில் அழகாக எழுதிக்கொண்டார்: ஈயம் பூசிய கூஜா, ஒன்று.

இன்று மத்தியானம் உங்கள் அக்கா வீட்டுக்குப் போனேன். "அண்ணி, நான் பாவி, ஆறு வருஷமா உங்களைத் திருடின்னு சொல்லிட்டேன்" என்று காலைப் பிடித்தேன். அவர் என்னைத் தூக்கி உட்காரவைத்தார். முகம் வெளுத்துப்போச்சு. டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தார். என்ன பெருந்தன்மை பாருங்கள்! மடக் மடக்கென்று குடித்துவிட்டு வந்தேன்.

ஆக, எல்லாம் சுபம். நாளைக்காலை பாத்திரக்கடையில் அதே மாதிரி ஒரு கூஜா வாங்கிக் கரைக்கப்போகிறோம். உங்கள் பெயர் சீசாவில் நிலைக்கும், அக்காவும் நானும் ராசி, முழங்கால் வலியும் குறைந்திருக்கிறது. நீங்கள் இருக்கிற இடத்தில் வெயில் படாமல் இருங்கள். நகத்தைத் தேய்க்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி

பின்குறிப்பு: மேலே எழுதியதை அடித்துவிடுங்கள். உறையை ஒட்டப்போகும்போது உங்கள் அக்கா துணிப்பையோடு வந்து நின்றார். பையிலிருந்து எடுத்து என் மடியில் வைத்தார். என் கூஜா! பளபளவென்று, மூடியில் பிடி மட்டும் இல்லை. "ஆசையில எடுத்துட்டேன்டி. எடுத்த அவசரத்துல போல்ட்டு கழண்டு விழுந்துச்சு. தம்பி பாத்துட்டான். அதை எடுத்து டிரம்முக்குள்ள வீசிட்டு, 'நீ போக்கா, நான் பாத்துக்கறேன்'னான். நீ வந்து காலைப் பிடிக்கவும் எனக்கு உயிரே போச்சு" என்றார். அடிப்பதா, கட்டிக்கொள்வதா என்று தெரியாமல், அதே கூஜாவில் தண்ணீர் ஊற்றி இரண்டு பேரும் குடித்தோம்.

சரி, இது கரையவில்லை. காலையில் டாக்டரம்மா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் என்ன சொல்ல? ஒன்பது வருஷம் குச்சியை விட்டுக் கலக்கிக் கலக்கி "சும்மா" "சும்மா"ன்னீங்களே, அந்த டிரம்முல அப்படி என்னதாங்க போட்டீங்க?