உங்கள் அத்தையின் ஆராய்ச்சியை நான் பூட்டிவிட்டேன்

அன்பும் மதிப்பும் நிறைந்த மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கே சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் இந்த இரண்டு அறை வீட்டில் எங்கே நின்று பேசினாலும் உங்கள் அத்தை காதில் விழும். அதனால்தான் கடிதம்.

நீங்கள் கொடுத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரில்தான் உங்கள் அத்தை ஆறு வருடமாக எழுதும் ஆராய்ச்சிக் கட்டுரை இருக்கிறது. கழித்தல் கணக்கில் பிள்ளைகள் எப்படியெல்லாம் தப்புப் போடுகிறார்கள் என்று இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம். வரும் திங்கட்கிழமைக்குள் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அதை எழுதியவளே திறக்க முடியாதபடி நான் பூட்டிவிட்டேன் மாப்பிள்ளை. இன்றோடு ஆறு நாள்.

எல்லாம் தேதியில் ஆரம்பித்தது. எப்போது ஸ்விட்ச் போட்டாலும் கம்ப்யூட்டர் என்றைக்கோ போன ஒரு ஜனவரி ஒன்றாம் தேதியையே காட்டியது, தேதி தப்பு என்று பல்கலைக்கழகத்தின் இணையதளம் திறக்க மறுத்தது, மெக்கானிக்கைக் கூப்பிட்டேன், அவர் உள்ளேயிருந்து காசு அளவில் ஒரு பேட்டரியைக் கழற்றிப் புதிதாக ஒன்று போட்டார். "சார், ஸ்விட்ச் போட்டதும் முதல்ல முழிக்கிறது பயாஸ்தான். மெமரி இருக்கா, கீபோர்டு இருக்கா, டிஸ்க் இருக்கான்னு பாத்துட்டு அப்புறம்தான் விண்டோஸை எழுப்பும். அதுல நீங்க செஞ்சு வைக்கிற செட்டிங் எல்லாம் இந்த பேட்டரி தயவுலதான் நிக்குது. இதைக் கழட்டினா எல்லாத்தையும் மறந்துடும்" என்றார். உங்கள் அத்தையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். தேதியை நானே மாற்றிக்கொள்ளலாம், ஸ்விட்ச் போட்டதும் டெலிட் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டு, ஒரு மாதம் வெளியூர் என்று கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"ஆறு வருஷ உழைப்பு உள்ள இருக்கு. டெலிட்டையா அழுத்தப் போறீங்க?" என்றாள் உங்கள் அத்தை.

"அழிக்கிறதுக்கு இல்லம்மா, உள்ள போறதுக்கு."

அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் தட்டினேன். நீலமாக ஒரு திரை வந்தது. அங்கே மவுஸ் செல்லுபடியாகாது, எல்லாம் அம்புக்குறிப் பட்டன்தான். தேதியை மாற்றினேன். அப்போதே சேமித்துவிட்டு வெளியே வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கு வேலையே இல்லை. நான்தான் ஒவ்வொரு வரியாக மேய்ந்தேன். ஒரு பக்கத்தில், பாஸ்வேர்டு எதுவும் இல்லை என்று ஒரு வரி. முப்பத்து நாலு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் கண்ணில் பூட்டாத கதவு பட்டால் சும்மா இருக்குமா? யாராலும் ஊகிக்க முடியாத ஒன்றாகப் போட்டேன். எங்கள் ஸ்டோரில் எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்கிற பதிவேட்டை ஸ்டோருக்குள்ளேயே வைத்துப் பூட்டுவோம், வெளியே வைத்தால் யார் கையிலாவது சிக்கும். அதே பழக்கத்தில், கம்ப்யூட்டரைத் திறந்து, பாஸ்வேர்டை அதற்குள்ளேயே தனி ஃபைலில் எழுதி, அணைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் மறந்துவிட்டது. ஸ்டோரிலாவது மாற்றுச்சாவி மேனேஜரிடம் இருக்கும்.

மூன்று தடவை தப்பாக அடித்தால் கல்லாட்டம் நின்றுவிடுகிறது. மகள் பெயர், பேத்தி பெயர், மன்னிக்கவும், உங்கள் பெயர், நான் வேலையில் சேர்ந்த தேதி, ஸ்டோர் நம்பர், உங்கள் அத்தை பிறந்த தேதி எல்லாம் அடித்துப் பார்த்துவிட்டேன். அந்தப் பிறந்த தேதியே எனக்குத் தப்பாகத்தான் தெரிந்திருந்தது என்பது அவளுடைய ஆதார் அட்டையை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

முதல் இரண்டு நாள் அவள் பேசவில்லை. மூன்றாம் நாளிலிருந்து ஏதோ முணுமுணுத்துப் பாடுகிறாள். அது இன்னும் பயமாக இருக்கிறது. நான் வாக்கிங் போய்விட்டு வந்து தொட்டுப் பார்த்தால் கம்ப்யூட்டர் சுடுகிறது, அதற்கு வேறு என்ன கேடோ. சர்க்கரை டப்பா பக்கத்தில் ஒரு ஸ்க்ரூ கிடந்தது, மிக்ஸியில் மாட்டிப் பார்த்தேன், பொருந்தவில்லை. வீடே கழன்றுகொண்டிருக்கிறது மாப்பிள்ளை. "மன்னிச்சிடும்மா" என்றேன். முகத்தைக்கூடப் பார்க்காமல் "எதுக்கு?" என்றாள்.

கல்யாணமான புதிதில் மேலே படிக்கிறேன் என்று கேட்டாள். "அப்புறம் பாக்கலாம்" என்று சொன்னவன் நான். முப்பத்தைந்து வருடம் கழித்து அந்த 'அப்புறம்' வந்தது, இப்போதும் குறுக்கே நிற்பவன் நான்தான். வெட்கமாக இருக்கிறது. எப்படியாவது ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து திறந்துகொடுங்கள்.

எந்தக் கதவும் உங்கள் இருவர் முகத்திலும் சாத்தப்படாமல் நீடூழி வாழ ஆசிகள். பேத்திக்கு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பி.கு.: மாப்பிள்ளை, அத்தை எழுதுகிறேன். மாமா ஸ்டாம்ப் வாங்கப் போயிருக்கிறார். நீங்கள் லீவு போட வேண்டாம். மூன்றாம் நாளே, அவர் வாக்கிங் போன நேரத்தில், கரண்ட் ஒயரைப் பிடுங்கிவிட்டு அந்தக் காசு பேட்டரியைக் கழற்றி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பப் போட்டேன். மெக்கானிக் சொன்னபடி அது எல்லாவற்றையும் மறந்துவிட்டது. கட்டுரையை நேற்றே அனுப்பிவிட்டேன், கிடைத்தது என்று பதிலும் வந்துவிட்டது. இப்போது அவர் முட்டி மோதிக்கொண்டிருப்பது நான் போட்ட பாஸ்வேர்டில். தோளுக்குப் பின்னால் நின்று ஒருவர் எட்டிப் பார்க்காமல் கடைசி அத்தியாயத்தை முடிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. இன்னும் ஒரு வாரம் தவிக்கட்டும் என்றுதான் இருந்தேன். அந்த 'அப்புறம் பாக்கலாம்' அவருக்கும் ஞாபகம் இருக்கிறது என்று இதைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஸ்டாம்போடு வந்ததும் சொல்லிவிடுகிறேன். பாஸ்வேர்டு அவருடைய பெயர்தான். அதை மட்டும் அவர் இன்னும் அடித்துப் பார்க்கவில்லை.