ரெண்டே சீட்டு

"ஞாயித்துக்கிழம காலைல இந்த வண்டி கோவளத்துக்குக் கிளம்பும். கிளம்பலன்னா என் பேரு டேனி இல்ல!"

கோவில்பதாகை வீட்டு போர்ட்டிகோவில், ஸ்பானரை வாள் மாதிரி தூக்கிப் பிடித்து டேனி சபதம் போட்டான். சபதத்தைக் கேட்டு நடுங்க வேண்டிய மனைவி ஆக்னஸ், துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ வேற பேரு ஒண்ணு யோசிச்சு வெச்சுக்கோங்க. ஆதார்ல மாத்த நாளாவும்."

வண்டி என்று அவர்கள் சொன்னது சிவப்பு நிறத்தில், நாற்பது வயசில், தரையோடு தரையாகப் படுத்திருந்த ஒரு வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். டேனி அதை வாங்கியபோது ஊருக்குச் சொன்ன காரணம், கிளாசிக் வண்டி, மதிப்பு ஏறும் என்பது. மனசுக்குள் வைத்திருந்த காரணம் வேறு. அந்த வண்டிக்குப் பின் சீட்டு கிடையாது!

பின் சீட்டு என்றாலே டேனிக்கு மாமியார் சகாயம்மாள்தான். வீட்டில் ஏற்கெனவே இருந்த குடும்பக் காரில், பின் சீட்டின் நட்டநடுவே உட்கார்ந்து, முன் சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டிக்கொள்வாள். அதோடு அவன் கதை முடிந்தது.

"மாப்ளே, பிரேக்கு! மாப்ளே, லாரி! மாப்ளே, ஆடு!"

பூந்தமல்லியில் வரப்போகிற லாரிக்குப் பாரிவாக்கத்திலேயே அறிவிப்பு வந்துவிடும். தூக்கத்தில்கூட டேனியின் வலது கால் கட்டிலின் சட்டத்தை மிதித்தது.

ஞாயிற்றுக்கிழமை கோவளத்தில் ஆக்னஸின் அக்கா குழந்தைக்கு ஞானஸ்நான விருந்து. டேனி, ஆக்னஸ், கடல் காற்று, அவ்வளவுதான். "ரெண்டே சீட்டு அத்தே, மனசுக்குக் கஷ்டமாத்தான் கீது, இன்னா பண்றது?" என்ற வசனத்தைக் குளியலறைக் கண்ணாடியில் சோக முகத்தோடு ஒத்திகையே பார்த்துவிட்டான்.

ஆனால் வண்டி நகர வேண்டுமே! சைலன்சர் துருப்பிடித்து வாலறுந்த பல்லி மாதிரி தொங்கியது. ஆயில் பைப்புகளோ தொட்டாலே உதிரும் முறுக்கு. இந்த வண்டியில் என்ஜின் பின்னால் இருக்கும். ஆயிலை ஆறவைக்கிற பெட்டி முன்னால் இருக்கும். அடுப்பை அண்ணனூரிலும் விசிறியை ஆவடியிலும் வைத்த மாதிரி. நடுவே வண்டிக்கு அடியில் நெடுக ஓடும் பைப்புகளை ஒருவன் மல்லாந்து படுத்தே மாற்றியாக வேண்டும்.

டேனி மல்லாந்தான்.

முதல் போல்ட்டைத் திருகினான். போல்ட் வரவில்லை. அதன் தலை மட்டும் கையோடு வந்தது. இரண்டாவதற்கு அந்த மரியாதையும் இல்லை, தலை மூக்கில் விழுந்தது. பழைய பைப்பைக் கழற்றியதும் ஆயில் கொட்டியது. பிடிக்கப் பாத்திரம் இல்லை. தடுமாறி எழுந்து, பின்கட்டில் கவிழ்த்து வைத்திருந்த குண்டானை இழுத்து வந்து வைத்தான்.

"ஐயோ, என் பிரியாணி குண்டான்!" சகாயம்மாளின் குரல் தெருமுனை டீக்கடை வரைக்கும் போனது. "கிறிஸ்மஸுக்கு அம்பது பேருக்கு ஆக்கின குண்டான் மாப்ளே இது! இதுல இன்னாத்த ஊத்தி வெச்சிகீறீங்க?"

"ஆயிலு அத்தே. கழுவினா போயிடும்."

"நீங்க கழுவுற லட்சணத்த மூஞ்சிலயே பாக்கறேனே!"

மூஞ்சி மட்டுமா? இடது கண் முழுக்க ஆயில். சனிக்கிழமை மத்தியானம் டேனி ஒற்றைக் கண்ணோடு அடியில் கிடந்தான். சைலன்சர் ஒரு பக்கம் மாட்டினால் மறுபக்கம் கழன்றது. செத்தாலும் இங்கேயே செத்துவிடலாம், தூக்கிப்போக வேறு ஆள் வேண்டாம், ஏற்கெனவே படுத்தாயிற்று என்று தோன்றியது.

அப்போது டயர் ஓரமாக ஒரு ஜோடி நீல ரப்பர் செருப்பு வந்து நின்றது. மாடி வீட்டு வினோத்தின் செருப்பு. வினோத் வாயில் எந்நேரமும் பாக்கு இருக்கும், அதனால் 'ம்' தவிர வேறொன்றும் வராது. துக்கத்தைக் கொட்ட அதைவிட நல்ல ஆள் ஏது?

"வா மச்சான். இந்தப் பாடு எதுக்குப் படறேன்னு நெனைக்கிற? கிளாசிக்காவது, புடலங்காயாவது! எங்க மாமியார் பின்னாடி ஒக்காரக் கூடாது, அதுக்குத்தான் ரெண்டு சீட்டு வண்டி! எப்டி ஐடியா?"

"ம்."

"ஆக்னஸுக்குத் தெரியாது. தெரிஞ்சா தோல உரிச்சிடுவா."

"ம்ம்."

செருப்பு போய்விட்டது. டேனிக்குப் பாரம் இறங்கியது.

ஆச்சரியம், அதற்குப் பிறகுதான். ஆக்னஸ் இஞ்சி டீயோடு வந்தாள். டார்ச் அடித்தாள். "அந்தப் பைப்பு தலகீழா கீதுங்க" என்றாள். தலைகீழாகத்தான் இருந்தது. "எப்டியாவது முடிச்சுடுங்க, நாளைக்கு இந்த வண்டிலதான் போவணும்" என்று தைரியம் சொன்னாள். டேனிக்குக் கண் கலங்கியது. வலது கண் மட்டும். இடது கண்ணில் ஆயில் இருந்ததே.

ஞாயிறு காலை வண்டி உறுமியது! கோவில்பதாகையே திரும்பிப் பார்த்தது. டேனி ஆனந்தக் கூத்தாடிவிட்டு, குளித்து, சென்ட் அடித்து, சோக முகத்தை மாட்டிக்கொண்டு போர்ட்டிகோவுக்கு வந்தான்.

"அத்தே, மனசுக்குக் கஷ்டமாத்தான் கீது, ரெண்டே சீ..."

ஸ்டியரிங் பக்கம் ஆக்னஸ், கூலிங்கிளாஸோடு. முதல் தடவையிலேயே லைசன்ஸ் வாங்கியவள். மூன்றாம் தடவையில் வாங்கிய டேனி வாயைப் பிளந்தான். ஏனென்றால் அவள் பக்கத்தில், பட்டுப்புடவையில் சகாயம்மாள்.

"இன்னா ஆக்னஸ் இது?"

"ரெண்டே சீட்டுதானேங்க. எங்களுக்கும் கஷ்டமாத்தான் கீது. இன்னா பண்றது?"

"யார் சொன்னா உனக்கு?"

"நீங்கதான். போர்ட்டிகோ பூரா ஆயிலு. வினோத்து செருப்பு படியாண்ட கெடந்துச்சு, மாட்டிக்கினு வந்தேன். நீங்க பாட்டுக்கு மச்சான்னு ஆரம்பிச்சீங்க."

வண்டி தெருவைத் தாண்டியது. தன் கையால் மாட்டிய சைலன்சர் அவுட்டர் ரிங் ரோட்டுப் பக்கம் பாடிக்கொண்டே போவதை டேனி கேட்டுக்கொண்டு நின்றான். சரி, குடும்பக் கார் இருக்கிறது. தனியாகவாவது போகலாம், நிம்மதியாக, பின்னால் யாரும் இல்லாமல். அந்த ஒரு ஆறுதலோடு கதவைத் திறந்து உட்கார்ந்தான்.

பின் சீட்டின் நட்டநடுவே, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சகாயம்மாளின் தங்கச்சி பேபி.

"ஆக்னஸுதான் ஒக்காரச் சொல்லிட்டுப் போச்சு. பின் சீட்டுல ஒக்காந்தே வண்டி ஓட்ட அக்காக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான் மாப்ளே!" என்றவள், முன் சீட்டுகளுக்கு நடுவே தலையை நீட்டினாள்.

"பிரேக்கு, மாப்ளே! பிரேக்கு!"

டேனி இன்னும் சாவியே போடவில்லை.