முதுகில் ஏறிய நீலம்

"இதைப் பாருங்க!" என்று நீச்சல் பயிற்சியாளர் ஒரு சிறுமியைத் திருப்பி நிறுத்தினாள். முதுகு முழுக்க நீலம். "சுவர்ல சாஞ்சா ஒட்டிக்குது. நாங்க நீந்த வந்தோமா, பெயிண்ட் அடிச்சுக்க வந்தோமா?"

நீச்சல் குளத்தைப் பராமரிப்பவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் கடுகு. கொஞ்சம் சூடு பட்டால் போதும், வெடிப்பார். இருபது வருஷம் குளோரினை மோந்ததில் அவர் மூக்குக்கு வாசனை செத்துப்போயிருந்தது; கோபம் மட்டும் அதன் நுனியில் பத்திரமாக உட்கார்ந்திருந்தது.

குளத்துச் சுவருக்குப் பெயிண்ட் அடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அடித்தவன் அவர் மனைவியின் தம்பி. மேலாளரிடம் மன்றாடி வேலையை வாங்கிக் கொடுத்தவர் கடுகுதான்.

"ஞாயித்துக்கிழமை போட்டி. அதுக்குள்ள சரியாகலைன்னா நீங்களும் வர வேண்டாம், உங்க மச்சினனும் வர வேண்டாம்" என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

கடுகுக்குக் குனிந்தால் முட்டி பிடித்துக்கொள்ளும். அதனால் பம்ப் அறை நாற்காலியில் இருந்தபடியே துப்புரவு செய்யும் அம்மாவை அதட்டி, ஒரு செம்பில் தண்ணீர் வரவழைத்துத்தான் தினமும் சோதிப்பார். குளோரின் இருந்தால், சோதனைக் குழாயில் ஊற்றி மருந்து ஒரு சொட்டு விட்டதும் தண்ணீர் மஞ்சளாக வேண்டும். சில வாரங்களாக அப்படி ஆகவில்லை.

"நேத்து போட்ட குளோரின் எல்லாம் எங்க போய்த் தொலைஞ்சுது?" என்று குழாய்களைத் திட்டிவிட்டு ஒரு வாளி கரைத்து ஊற்றினார்.

மறுநாள் சுவர் திட்டுத் திட்டாக வெளுத்தது. தேய்த்தால் மாவு மாவாகக் கையோடு வந்தது. பயிற்சியாளரின் சிவப்பு நீச்சலுடை ரோஸ் நிறமாகிவிட்டது. சொட்டு விட்டுப் பார்த்தார். மஞ்சளைக் காணோம். இரண்டு வாளி ஊற்றினார்.

மச்சினன் ஓடி வந்தான். "மாமா, பெயிண்ட் மேல தப்பு இல்ல. குளோரின் அளவு மீறிப்போச்சு. அதான் பெயிண்டைத் தின்னுது. பாருங்க, எனக்குக் கண்ணெல்லாம் எரியுது."

"எனக்கே பாடம் நடத்துறியா? நீ அடிச்ச லட்சணத்தைப் பார்த்து உனக்கே அழுகை வருது. அதான் எரியுது!"

மனைவி போனில் வந்தாள். "என் தம்பிய இன்னொரு வார்த்தை சொன்னீங்கன்னா வீட்டுப் பக்கம் வராதீங்க. பம்ப் ரூம்லயே குடித்தனம் பண்ணுங்க."

அந்த ஆத்திரத்தில் மூன்று வாளி போனது.

சனிக்கிழமை குளம் பால் போலக் கலங்கி அடியே தெரியவில்லை. மேலாளர், பயிற்சியாளர், மச்சினன் மூவரும் பம்ப் அறையில் நின்றார்கள்.

"எல்லார் முன்னாடியும் சோதிச்சுக் காட்டுறேன். தண்ணியக் கொண்டா!" என்று கடுகு கத்தினார்.

துப்புரவு அம்மா செம்பை நீட்டினாள். சொட்டு விழுந்தது. சோதனைக் குழாயில் தண்ணீர் நிறம் மாறாமல் கண்ணாடியாகவே நின்றது.

"பாத்தீங்களா? துளிக்கூட குளோரின் இல்ல! மட்டமான பெயிண்டை அடிச்சுட்டு என் தண்ணி மேல பழி போடுறான். இவனை இப்பவே வெளிய அனுப்புங்க!"

"மாமா, சத்தியமா நான் நல்ல பெயிண்ட்தான்..." மச்சினன் கெஞ்சினான்.

"வாய மூடு! இந்தத் தண்ணி பெயிண்டைத் தின்னுதா? இதோ, குடிச்சே காட்டுறேன்!"

செம்பில் மிச்சமிருந்ததை மடமடவென்று குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். "எரியுதா? இல்ல. நாறுதா? இல்ல. இதைவிட நல்ல தண்ணி எங்கயாவது உண்டா?"

துப்புரவு அம்மா காலிச் செம்பை வாங்கிக்கொண்டாள்.

"இன்னொரு செம்பு கொண்டு வரட்டுங்களா ஐயா? பெயிண்ட் அடிச்ச அன்னிக்கு, குளத்தோரம் கால் வெச்சா காலை உடைப்பேன்னு கத்தினீங்களே, அதுலேர்ந்து ஆபீஸ் குடிதண்ணி ஃபில்டர்லதான் பிடிச்சுட்டு வர்றேன்."