சாப்டர் டூவும் வெள்ளிக்கிழமைக் குளிகையும்

ஆன்லைனில் முனைவர் பட்டம் படிப்பதில் கஷ்டமான பகுதி பாடங்கள்தான் என்று நான் நம்பினேன். பதினான்கு பாடங்களையும் முடித்த அன்று வீட்டில் கேசரி கிளறச் சொல்லிவிட்டு, இனி ஆய்வேடு மட்டும்தான் பாக்கி, எழுதிய அசைன்மென்ட்டுகளை வரிசையாக அடுக்கி முன்னால் ஒரு முன்னுரை, பின்னால் ஒரு நன்றியுரை போட்டால் தீபாவளிக்குள் முடிந்துவிடும் என்று மனைவியிடம் அறிவித்தேன். அவள் ரவையை வறுத்துக்கொண்டே, "எந்த தீபாவளிங்க?" என்று கேட்டாள். கேலி என்று நினைத்தேன். அது மிக நியாயமான ஆய்வுக் கேள்வி என்பது மூன்றாவது தீபாவளிக்குத்தான் புரிந்தது.

அந்த மூன்று வருடமும் எனக்குப் பைத்தியம் பிடிக்காமல் இருந்ததற்கு ஒரே காரணம், என்னைவிட முற்றிய கேஸ் ஒன்று ஸ்ரீரங்கத்தில் இருந்ததுதான். ஆய்வேடு எழுதுவதைத் தவிர ஆய்வேட்டுக்கு வேண்டிய மற்ற எல்லாவற்றையும் குறையில்லாமல் செய்த மனிதர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான். சக மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் சாப்டர் டூ. ஆய்வேட்டின் இரண்டாவது அத்தியாயத்தில், நம் தலைப்பைப் பற்றி நமக்கு முன்னால் யார் யார் என்னென்ன சொல்லியிருக்கிறார்கள் என்று எழுத வேண்டும். ஆறு மாத வேலை. அவர் அதில் ஆறு வருடமாக இருந்தார்.

அவருடைய தலைப்பு, வரிசையில் காத்திருப்பவர்களின் பொறுமை. ஏகாதசிக் கூட்டத்தைப் பார்த்தே வளர்ந்தவருக்குப் பொருத்தமான தலைப்புதான். ஆனால் தினமும் காலையில் காப்பி குடித்ததும், உலகத்தில் எங்காவது யாராவது பொறுமையைப் பற்றிப் புதிதாக எழுதியிருக்கிறார்களா என்று தேடுவார். யாராவது எழுதித் தொலைத்திருப்பார்கள். அதையும் படித்துச் சேர்ப்பார். "நாம பாட்டுக்கு முடிச்சுட்டு எழுந்துண்டா, நாளைக்கு எழுதறவா மனசு புண்படாதா ஓய்?" என்பார்.

நான் அரியமங்கலத்தில் இரும்புச் சட்டங்கள் செய்யும் ஒரு பட்டறையில் பாதுகாப்பு மேற்பார்வையாளன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. வெல்டர்கள் கொடுத்த கண் கவசத்தை ஏன் போடுவதில்லை என்பது என் ஆய்வு. அதற்குப் பதில் பட்டறையில் டீ கொண்டுவரும் பெண்மணிக்குக்கூடத் தெரியும்: வேர்க்கிறது, வேலை தெரியவில்லை. பல்கலைக்கழகம் இதையே இருநூறு பக்கத்தில் கேட்டது.

எங்கள் முதல் சந்திப்பு, ஆய்வேட்டுக் கட்டத்துக்கு வந்தவர்களுக்கான இணையக் கூட்டத்தில். திரையில் நாற்பது சின்னச் சதுரங்கள். கடல் தாண்டி ஒரு அம்மாள் ஆய்வு நெறிமுறை பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். நான் மைக்கை அணைக்க மறந்திருந்தேன். எடமலைப்பட்டி புதூரில் என் வீட்டு வாசலில், ஒலிபெருக்கி கட்டிய வண்டி ஒன்று பழைய இரும்பு, பழைய பேப்பர் என்று நாற்பது சதுரங்களுக்கும் அறிவித்தது. அந்த அம்மாள் பேச்சை நிறுத்தி, அது பிரார்த்தனையா, காத்திருக்க வேண்டுமா என்று கேட்டார். அடுத்த நொடி எனக்குத் தனியாக ஒரு செய்தி வந்தது. 'நீர் திருச்சியா? அடியேன் ஸ்ரீரங்கம். முதல்ல மைக்கை அணையும்.'

அப்படி ஆரம்பித்தது.

என் வழிகாட்டிப் பேராசிரியர் எனக்குக் கறுப்புச் சதுரமாகவும் இரண்டு ஆங்கில எழுத்துகளாகவும் மட்டுமே அறிமுகமானவர். கேமராவைப் போடவே மாட்டார். ஒவ்வொரு கூட்டம் முடிந்ததும் சாப்டர் டூ கூப்பிட்டு, "எழுந்தருளினாரா? திரை விலகித்தா?" என்று விசாரிப்பார். இல்லை சார், இன்னும் மூடித்தான் இருக்கு என்பேன். "சேவைக்கு நேரம் வரல ஓய். பொறுமையா இரும்" என்பார், தன் தலைப்பிலிருந்து ஒரு பிடி அள்ளி எனக்குக் கொடுப்பதுபோல.

அந்தக் கறுப்புச் சதுரம் என் நாற்பத்திரண்டாம் பக்கத்தைப் பார்த்து விரிவாக்கவும் என்றது. ராப்பகலாக விரித்தேன். மூன்று வாரம் கழித்து, அதே பத்தியின் ஓரத்தில் சுருக்கவும் என்று வந்தது. சுருக்கினேன். பழைய பத்தியே திரும்பி வந்து நின்றது. அதைப் பார்த்து, நல்ல முன்னேற்றம் என்று எழுதியிருந்தார். அன்று நான் சாப்பிடவில்லை. மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது, "முன்னேற்றம்னா சொன்னாரு? அப்புறம் ஏன் இழவு வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க?" என்றாள். விளக்க முயன்றேன். பாதியிலேயே எனக்கே புரியாமல் போய்விட்டது.

இதற்குள் பட்டறையில் எல்லாரும் என்னை டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். பட்டம் வரவில்லை என்று சொன்னால் தன்னடக்கம் என்றார்கள். ஒருவர் முழங்கால் வலிக்கு மாத்திரை கேட்டார். நானும் என்னையறியாமல், வெந்நீர் ஒத்தடம் கொடுங்க என்று சொல்லிவிட்டேன்.

ஆய்வுத் திட்டத்தை முதன்முதலில் அனுப்பியது நான் தனியாகச் செய்த காரியம். ஒரு வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. அது திருத்தக் குறிப்புகளோடு திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன், மறுபடி வந்தது. ஏழாவது முறை வந்தபோது ஸ்ரீரங்கம் போய் அவர் எதிரே இடிந்து உட்கார்ந்தேன். முதலில் எப்போது அனுப்பினீர் என்று கேட்டார். சொன்னேன். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை ஏழரைலேருந்து ஒன்பது குளிகை ஓய். குளிகைல எது பண்ணாலும் திரும்பத் திரும்ப நடக்கும். நகை வாங்கினா இன்னும் சேரும். நீர் புரபோசலை அனுப்பியிருக்கீர். அது என்ன பண்ணும், பாவம்? வந்துண்டுதான் இருக்கும்."

நான் இதையெல்லாம் நம்புகிறவன் இல்லை. ஆனாலும் எட்டாவது முறை புதன்கிழமை காலை அவர் சொன்ன நேரத்தில் அனுப்பினேன். ஒப்புதல் வந்துவிட்டது. அதன்பிறகு என் பகுத்தறிவு வாயைத் திறக்கவில்லை.

அடுத்தது நேர்காணல். பன்னிரண்டு வெல்டர்களிடம் பேச வேண்டும், பேசுவதற்கு முன் ஒவ்வொருவரும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். முதல் ஆள் செல்வராஜ், மண்ணச்சநல்லூரிலிருந்து வந்துபோகிறவர். படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். இந்த ஆய்வால் உங்களுக்கு மனச் சங்கடம் ஏற்படலாம் என்ற வரியில் அவர் முகம் மாறியது. பேச்சைப் பதிவு செய்து பிற்பாடு அழித்துவிடுவோம் என்ற வரியில் எழுந்தே நின்றுவிட்டார்.

"ஏன் சார் அழிக்கிறீங்க? அப்படி என்ன தப்பாவா பேசப்போறேன்?"

நீங்கள் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று அவசரமாகக் கடைசி வரிக்குத் தாவினேன். "அப்ப இப்பவே விலகிக்கிறேங்க. லோடு வந்திருக்கு" என்று போய்விட்டார். மதியத்துக்குள், டாக்டர் ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார், ஆள் குறைக்கப்போகிறார்கள் என்று பட்டறை முழுக்கப் பேச்சு. என்னைக் கண்டால் ஆட்கள் லாரிக்குப் பின்னால் போய் நின்றார்கள்.

செய்தி கேட்டு மறுநாள் சாப்டர் டூ கிளம்பி வந்தார். நாமம், வெள்ளைச் சட்டை, பையில் தண்ணீர் பாட்டில். வெல்டிங் மேடைக்கு நடுவே நின்று செல்வராஜைக் கூப்பிட்டு, ஊர், அப்பா பெயர், நட்சத்திரம் எல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு கண்ணை மூடி, அதே படிவத்தைச் சங்கல்பம் சொல்கிற ராகத்தில் ஆரம்பித்தார். இன்ன ஊரில், இன்னாருடைய மகன், மக நட்சத்திரத்தில் பிறந்த செல்வராஜ் ஆகிய நான், என் மனப்பூர்வமாக, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளும் உரிமையோடு... அந்த மனச் சங்கட வரி வந்தபோது யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பன்னிரண்டு கையெழுத்தும் அரைமணி நேரத்தில் விழுந்தது. ஒருவர் தன் பிரதியை வீட்டுச் சாமி அலமாரியில் வைத்திருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. படிவத்தின் ஓரத்தில் எழுதியிருந்த நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டு, இது என்ன குறியீடு என்று பல்கலைக்கழகம் கேட்டதையும், அதற்கு நான் நாலு பக்க விளக்கம் எழுதியதையும் இங்கே விட்டுவிடுகிறேன்.

இப்படியே இழுத்து இழுத்து, இரண்டு முறை நீட்டிப்பும் வாங்கித் தீர்த்த பிறகு ஒரு கடிதம் வந்தது. மூன்றாவது நீட்டிப்பு கிடையாது. வியாழக்கிழமை நள்ளிரவுக்குள், அதாவது அவர்கள் ஊர் நள்ளிரவுக்குள், முழு ஆய்வேடும் போர்ட்டலில் ஏற வேண்டும். இல்லையென்றால் பெயர் நீக்கப்படும். கடிதத்தைப் படித்ததும் ஸ்ரீரங்கத்துக்கு ஓடினேன். சாப்டர் டூ கணக்குப் போட்டுப் பார்த்து மகிழ்ந்துபோனார். அவர்கள் நள்ளிரவு நமக்கு வெள்ளிக்கிழமை காலை பத்தரை. ராகுகாலம் ஆரம்பிக்கிற நேரம். "அவாளும் பஞ்சாங்கம் பாக்கறா ஓய். குளிகை ஒன்பதுக்கு முடியறது. ஒன்பதுலேருந்து பத்தரை நமக்குன்னே விட்டிருக்கா."

கடைசி மூன்று வாரமும் என் ஆய்வேட்டின் மேற்கோள் பட்டியலை அவர்தான் சரிபார்த்தார். அந்த வெள்ளிக்கிழமை எங்கள் பகுதியில் மாதாந்திர மின்தடை. ஏழு மணிக்கே லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். இன்னும் பத்தொன்பது மேற்கோளுக்குப் பக்க எண் இல்லை என்று அவர் உட்கார்ந்துவிட்டார். எட்டே முக்காலுக்கு நான் சும்மா போர்ட்டலைத் திறந்தேன். மேலே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. நாற்பத்து நாலு நிமிடம்தான் காட்டியது.

அந்த ஊரில் வருடத்துக்கு இருமுறை கடிகாரத்தை மாற்றி வைப்பார்கள். அந்த வாரம்தான் ஒரு மணி நேரம் முன்னே தள்ளியிருந்தார்கள். கெடு பத்தரை இல்லை, ஒன்பதரை.

மிச்ச மேற்கோள் எக்கேடும் கெடட்டும், இப்போதே அனுப்பிவிடுகிறேன் என்று பொத்தானுக்குப் போனேன். சாப்டர் டூ நிதானமாக எழுந்து, சுவரோரம் போய், மோடத்தின் சுவிட்சை அணைத்தார்.

"சார், என்ன பண்றீங்க? மூணு வருஷம் சார்."

"குளிகை ஓய். இப்ப அனுப்பினா திரும்பி வரும். இந்தத் தடவை திரும்பி வந்தா, வாங்கி வெச்சுக்க உமக்கு நாள் இல்லை."

அவருடைய சட்டையைப் பிடிக்கலாமா, காலில் விழலாமா என்று யோசித்தேன். என் போன் நெட்டில் அனுப்பலாம் என்றால் அவசரத்தில் மூன்று முறை தவறான கடவுச்சொல் போட்டு, போனும் பூட்டிக்கொண்டது. அவர் பாட்டுக்குப் பக்க எண் போட்டுக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரம் ஒன்பது அடித்ததும் சுவிட்சைப் போட்டார். அந்த மோடத்தில் நாலு விளக்கு. முதல் விளக்கு உடனே எரிந்தது. இரண்டாவதற்கு நாலு நிமிடம். மூன்றாவது எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்தது. அவ்வளவு பக்தியாக நான் எந்தச் சன்னதியிலும் நின்றதில்லை. ஒன்பது பத்துக்கு நாலாவது விளக்கு வந்தது. ஒன்பது பதினாலுக்கு, பெற்றுக்கொண்டோம் என்று மெயில் வந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்தேன். மூச்சு வந்த பிறகுதான், அவருடைய நீட்டிப்பு என்றைக்கு முடிகிறது என்று கேட்கத் தோன்றியது. மூன்று வருடப் பழக்கத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.

"அதுவும் இன்னிக்குத்தான்" என்றார்.

"இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு சார். எழுதினவரைக்கும் ஏத்துங்க."

"எதை ஓய் ஏத்தறது? இன்னும் மூணு சாப்டர் இருக்கு."

"அப்புறம் ஏன் மூணு வாரமா என்னோடதைப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க?"

"மூணு வாரத்துல மூணு சாப்டர் எழுதற ஆளா நான்? உம்மோடதுல பக்க எண்தான் இல்லை. அது என்னால முடியும்."

பின்னோக்கி ஓடும் கடிகாரத்தை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒன்பதரைக்கு அது நின்றது. அவர் வீட்டு மாமி காப்பி கொண்டுவந்து வைத்தார். ஆறியபிறகுதான் குடித்தோம்.

இரண்டு மாதத்தில் சின்னச் சின்னத் திருத்தங்களோடு எனக்குப் பட்டம் கொடுத்தார்கள். அவருடைய பெயரை நீக்கிவிட்டார்கள். அதன்பிறகு எனக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு வேலையும் கிடையாது. சனிக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.